முதுகு காட்டும் பாப்பா

அன்புள்ள அத்தானுக்கு, வணக்கம்.

நடுக்கடலில் இருக்கும் தங்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: நம் கூடத்து மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதை இன்றோடு நிறுத்திக்கொண்டது. பழுது பார்த்த மேதை அடியேன். அது சுற்றுவதையும் சேர்த்தே நிறுத்திவிட்டது என்பது அக்கா கிளப்பிவிட்ட வதந்தி.

அடுத்தது அக்கா வயிற்றிலிருக்கும் பாப்பாவின் ஸ்கேன் விஷயம். எல்லாம் நார்மல் என்று அக்கா உங்களுக்கு எழுதியிருப்பாள். அது பழைய சென்டர் சொன்னது. அங்கே அவள் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஓட்டல் பில்கூட அவ்வளவு வேகமாக வராது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா அதைப் புரட்டிவிட்டு, "இதயத்துக்குப் படமே எடுக்கலையே, எதைப் பார்த்து நார்மல்னு எழுதினாங்க?" என்று கேட்டு, வேறிடத்துக்கு அனுப்பினார். அம்மாவுக்கு முட்டிவலி. ஆகவே மூன்று நாள் முன்பு துணைக்குப் போன குடும்பத் தலைவர் நான்தான். அக்காவின் கையைக் கடைசிவரை விடவில்லை, தெரியுமா?

புது ஸ்கேன் டாக்டர் பிடிவாதக்காரர். தலை, முதுகெலும்பு, கை, கால் என்று ஒவ்வொன்றுக்கும் படம் விழுந்தால்தான் 'சரி' போடுகிறார். இதயத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பாப்பா முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது. கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தானே! "கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா, அதுக்கு மனசு மாறட்டும்" என்றார். வராந்தாவில் நடந்தோம். நான் குனிந்து வயிற்றிடம், "ஏ குட்டிப் பிசாசே, தாய்மாமன் கூப்பிடுறேன், திரும்பு" என்று அதட்டினேன். மறுபடி படுத்த பிறகும் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிறு குலுங்கிப் படம் ஆடியது. "தம்பி, நீ வாயை மூடினாத்தான் நான் படம் எடுக்க முடியும்" என்றார் டாக்டர்.

பாப்பா பாதி திரும்பியது. இதயத்தின் நான்கு அறைகளும் தெரிந்தன. அங்கிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போக வேண்டுமாம். அது மட்டும் தெரியவில்லை. டாக்டர் கருவியை அதே இடத்தில் வைத்து மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதுவேன். தப்பா இருக்குன்னு அர்த்தமில்லை. சரியா இருக்குன்னும் நான் சொல்ல முடியாது. அடுத்த வாரம் குழந்தைங்க இதய டாக்டரும் கூட இருப்பார், வாங்க" என்று ரிப்போர்ட்டைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அக்கா இந்தப் பக்கம் படுக்கிறாள், அந்தப் பக்கம் படுக்கிறாள்.  

அத்தான், கையை விடவில்லை என்று எழுதினேனே, அது ஜோக் ஓடிய வரைக்கும்தான். டாக்டர் அந்த ஒரே இடத்தை மறுபடி மறுபடி பார்க்கத் தொடங்கியதும், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்து, ரிப்போர்ட் கொடுக்கக் கூப்பிடும்வரை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இருட்டறையில் அவள் தனியாகத்தான் கிடந்தாள். இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் நான் போவேன். ஆனால் என்னை நம்பிவிடாதீர்கள். கேப்டன் காலில் விழுந்தாவது இறங்கி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தைரியசாலி என்று வீட்டில் பேர் வாங்கியிருக்கும்
உங்கள் மைத்துனன்