அப்பா ஓட்டிய வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அம்மா விற்கிறாள். நாங்கள் போகப்போகும் சின்ன வீட்டில் அதை நிறுத்த இடமில்லை.

நேற்று தரகர் உங்கள் ரசிகர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார்.

"கார் ரேஸ் சாம்பியன் ஓட்டின வண்டி சார். இதே வண்டி வேற வீட்ல நின்னா பாதி விலைதான்," என்றார் தரகர்.

"அவர் வீட்ல இருந்ததே அபூர்வம், இதை எங்க ஓட்டினார்? காய்கறி வாங்க நான்தான் ஓட்டினேன்," என்றாள் அம்மா.

"அக்கா, என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க!"

ரசிகரின் முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. அப்பா உன்னை இதுல கூட்டிட்டுப் போவாரா?"

"தினமும் ஸ்கூல்ல கொண்டு விடுவார். வளைவு வந்தா, 'கெட்டியாப் பிடிச்சுக்கோடா'ன்னு சொல்வார்," என்றேன்.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். தரகர் சொன்ன விலைக்கே ரசிகர் ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்கு முன் ஒருமுறை வர முடியுமா, அப்பா? வீட்டுக்குள் வர வேண்டாம். நான் சாவியோடு தெருமுனையில் நிற்கிறேன். வளைவில் 'கெட்டியாப் பிடிச்சுக்கோடா' என்று சொல்லி, என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டால் போதும். அப்புறம் நான் சொன்னதில் 'தினமும்' என்ற சொல் மட்டும்தான் பொய்யாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்