வலது கீலில் உங்கள் கைவேலை

அன்புள்ள ஞானம் அண்ணனுக்கு,

யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்தக் கறுப்பு ஜப்பான் லேப்டாப், அதை நேற்றுத் திறந்துவிட்டேன். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு அலமாரியில் நீங்கள் சேர்த்துவைத்த பதினொரு பழைய குட்டி லேப்டாப்பில் அதுதான் உங்கள் செல்லம். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. மூடி மடங்கும் கீலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உளுத்துப்போய், மூடியைத் தூக்கினால் பொடிப்பொடியாக உதிரும். பல்செட் செய்து பிழைக்கிறவள் நான். ஈறுக்கு வைக்கும் ரோஸ் நிற அக்ரிலிக் பவுடரைக் குழைத்துக் கட்டித் தருகிறேன், ராஜபாளையத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்?

"ஏட்டி, கிழடுக ஈறுக்குப் பூசுறத எம் மிஷினுக்குப் பூசச் சொல்லுதியா?" என்று சிரித்தீர்கள். கடைசியில் செல்லத்துக்கே கீல் விட்டதும், மூடிவைத்துத் தடை போட்டுவிட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்தபின் முதல்முறையாக, போன வாரம் மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். "அவிய இதத் தொறந்து உக்காந்திருக்கதப் பாத்துட்டே இருப்பேன். ஒருக்கா வெளிச்சம் வந்தா போதும், எஸ்தரு" என்றார்கள். எப்படி மறுப்பேன்? கை தப்பினால் திரைக்குப் போகும் பட்டை வயர் அறுந்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் வெளிச்சம் வராது. பயமாகத்தான் இருந்தது.

மூடியைத் தூக்காமல் அடிப்பக்க ஸ்குருக்களைக் கழற்றினேன். வலது கீலின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி. என் பவுடர். நீங்கள் கடைசியாக இங்கே வந்துபோன பிறகு டப்பாவில் குறைந்ததற்கு நான் வேலைக்கு வரும் ஈஸ்வரியை அல்லவா சந்தேகப்பட்டேன், அண்ணே? மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் உங்களைத்தான் திட்டினாள்.

அவசரமாகக் குழைத்திருக்கிறீர்கள், உள்ளே குமிழ் குமிழாக இருக்கிறது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சுரண்டி எறிந்திருப்பேன். ஸ்குருவை முறுக்கிப் பார்த்தேன், பிடித்தது. அதைத் தொடாமல், உதிர்ந்து கிடந்த இடது பக்கத்தை மட்டும் கட்டினேன்.

இப்போது மூடி எந்தச் சாய்வில் விட்டாலும் நிற்கிறது. திரையில் ஜப்பான் எழுத்து வந்ததும் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படத்தை உங்கள் ஜப்பான் சேகரிப்பாளர் நண்பருக்கு அனுப்பினேன். யார் கட்டினது என்று கேட்டிருந்தார். வலது அண்ணன், இடது தங்கை என்று எழுதினேன். எழுதும்போது எம்புட்டுப் பெருமை எனக்கு, தெரியுமா?

மீதிப் பத்தையும் நானே கட்டுவேன். உங்கள் கட்டி என்றைக்காவது விரிசல் விட்டால் அதை எடுக்க மாட்டேன், அதன் மேலேயே பூசுவேன். இது சத்தியம்.

பவுடரைப் பறிகொடுத்த
உங்கள் தங்கச்சி எஸ்தர்,
ராஜபாளையம்