ஒயில் ஊற்றாத பிக்கப்

அன்பு மகன் றிம்ஸானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் தம்பி சுப்யானும் உடம்பால் சுகம். டோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் அழுகை முந்திவிடுகிறது, அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

வாப்பா மௌத்தான அன்று நடந்ததை யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. காலையில் பிக்கப்புக்கு ஒயில் மாற்றத் தொடங்கினார். கராஜில் விடச் சொன்னால், என்ரை பல்லை இன்னொருத்தனைக் கொண்டு தீட்டுவிக்கிறதோ எண்டு கேட்பார், உனக்குத் தெரியும்தானே. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, பழைய ஒயிலை இறக்கி, கீழ் நட்டைப் பூட்டி, பில்டரும் புதிதாகப் போட்டார். பில்டரோடு மாற்றினால் ஏழு லீற்றர் பிடிக்கும், ஆறை ஊற்றி அளவுகோலில் பார்த்துத்தான் மிச்சத்தை ஊற்றுவார். புது ஒயில் கேன்களைப் படியில் வைத்துவிட்டுக் கை கழுவி, பிளேன்ரீ கேட்டார். நான் கொண்டுவந்தபோது கதிரையில் சாய்ந்திருந்தார். அவ்வளவுதான் மகன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமென்று பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். எனக்காக வைத்திருக்க வேண்டாம் என்று நீயும்தான் அழுதழுது சொன்னாய். வந்த சனம் வீட்டை ஒதுக்கியபோது ஒயில் கேன்களை யாரோ குசினிக்குள் வைத்துவிட்டார்கள். பிக்கப் கேற்றை மறித்து நின்றது, வாப்பாவைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கு வெளியே போக வழியில்லை. நேரம் போகுது, சுப்யான், வாகனத்தை எடு எண்டு ஆட்கள் சத்தம் போட, அவன் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணினான். உள்ளே வாப்பாவின் பக்கத்தில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கணம், அவர்தான் சந்தைக்குப் புறப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

ஒழுங்கையில் விட இடமில்லை, பள்ளிக்கு அப்பாலுள்ள வெறுங்காணி வரைக்கும் கொண்டுபோனான். அங்கே எஞ்சின் தடதடத்து நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். பிறகு மெக்கானிக் ஜெரிசன் வந்து பார்த்து, சொட்டு ஒயில் இல்லாமல் ஓடியிருக்கு, எஞ்சின் இறுகிப்போச்சு எண்டு சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

ஒயில் இல்லையெண்டு சிவப்பு லைற் எரிஞ்சது தெரியேல்லையோ, கண்ணை எங்கை வைச்சிருந்தனீ எண்டு நீ அவனைக் கேட்டாயாம். நீ உழைத்து வாங்கிக் கொடுத்த வாகனம், கோபம் வரும்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் பள்ளிக்கு மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகிறான், பிக்கப்பைக் காண ஏலாதாம். உன் போனையும் எடுப்பதில்லை. நேற்றுச் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, வாப்பா போன அண்டைக்கே அவற்ரை வாகனத்தையும் நான் சாக்காட்டிட்டன் உம்மா எண்டான், சோற்றைத் தொடவில்லை. ஒயில் பார்க்க அவனுக்கு நல்லாய்த் தெரியும் மகன். அன்று அவன் கண்ணில் ஒன்றும் தெரிந்திருக்காது. நீ இங்கே நின்றிருந்தால் நீதான் சாவியைத் திருப்பியிருப்பாய். வேறு எஞ்சின் போடுவதோ விற்பதோ உன் விருப்பம். வாப்பா இல்லாத வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க ஏலாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பொறுமையும் தரட்டும். வெயிலில் வேலை, தண்ணீரை மறக்காமல் குடி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வீட்டில் இருப்பான், என் போனுக்கு எடு, அவன் கையில் கொடுக்கிறேன். லைற்றைப் பற்றிக் கதைக்காதே. வாப்பாவுக்குப் போக வழி விட்டது நீதானடா தம்பி எண்டு சொல்லு.

உன் உம்மா,
ஸம்ஸியா றஹீம்
யாழ்ப்பாணம்