கரகரப்பு உன் கையில இல்ல

வெர்லின்,

அடுப்புல பீன்ஸ் இருக்கு, சோளரொட்டியைத் துணியில சுத்தி வெச்சிருக்கேன். நான் கல்யாணத்துக்குத் தேவாலயத்தை அலங்கரிக்கப் போறேன்.

"பக்கவாதம் வந்த கை, தந்தியைத் தொட்டாலே கரகரங்குது, பொண்ணு கல்யாணத்துல வாசிக்க மாட்டேன்"னு நேத்து கத்தினியே. நீ கோழிக்குத் தீனி போடப் போனதும் உன் கிட்டாரை மடியில வெச்சுத் தட்டினேன். எனக்கும் கரகரன்னுச்சு! ஒவ்வொரு இடமா விரலால அழுத்திப் பார்த்தேன். தந்தியெல்லாம் மாட்டியிருக்கிற தகடு, கீழே கிட்டார் வயித்துல பதிச்சிருக்கிற உலோக மூடியில உரசிட்டிருந்தது. நடுவுல கம்பளித் துண்டு ஒண்ணு செருகினேன், சத்தம் நின்னுடுச்சு. கோளாறு உன் கையில இல்லய்யா.

ரொட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிடு.

ஹேசல்

பி.கு: கம்பளி உன் நல்ல தொப்பியிலேர்ந்து வெட்டினது. திட்டணும்னா தேவாலயத்துக்கே வந்து திட்டு. வர்றப்ப கிட்டாரையும் எடுத்துட்டு வா.