உட்கார வந்தவர்

அருணாசலேசுவரர் துணை

திருவண்ணாமலை,
4-3-1979

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா உண்ணாமலை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை உன்னிடம் கேட்டுப் பதில் வராததால் மலையானிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. லண்டனில் வீட்டுக் கதவிலேயே தபால் போட ஒரு வாய் இருக்கும் என்று மாப்பிள்ளை முன்பு எழுதியிருந்தார். அதன் வழியாக இதைப் போட்டுவிட்டு, நீ படித்து முடிக்கிறவரை வெளியே நிற்கச் சொல்லி ஒருவரை அனுப்பியிருக்கிறேன். தட்டினால் என் மகள் திறப்பதில்லை, தட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பயப்படாதே. வயதானவர், வெள்ளைக்காரர், நெட்டை. பெயர் லெனர்ட் ஹாஸ்கெல்.

மாப்பிள்ளை எல்லாம் எழுதினார். ஆவணியில் குழந்தை போனதிலிருந்து நீ யாரோடும் பேசுவதில்லை, அழவும் இல்லை, ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை என்று. என் கடிதங்களைப் பிரித்தாயோ என்னவோ. அதனால்தான் இதை ஆளோடு அனுப்புகிறேன்.

இவர் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு வந்தார். ஆசிரமத்தில் இடம் இல்லையென்று அப்பா அழைத்துவந்து நம் மாடி அறையைக் கொடுத்தார். வாடகை, பால், வெந்நீர் விறகு எல்லாம் தேதி போட்டு எழுதி, அவர் கிளம்பும்போது கணக்கை நேர்செய்து வாங்கிவிட்டேன். ஆகையால் ஏதோ கடனுக்காக வந்து நிற்கிறார் என்று நினைக்காதே.

அவர் பெரிய நாடகக்காரர் என்பது முதலில் எங்களுக்குத் தெரியாது. ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் தெரிந்தது. உன் பழைய பள்ளிப் புத்தகங்களை வைத்து நானாகப் படித்த இங்கிலீஷில் கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்தேன். அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவராம். இவர் சிறுவயதில் நாடகக் கம்பெனிக்குத் திரை இழுக்கப் போயிருக்கிறார். வாயைத் திறந்தாலே துறைமுகத்துப் பேச்சு என்று மற்றவர்கள் சிரிப்பார்களாம். யாரும் இல்லாத கொட்டகையில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பேசித் திருத்திக்கொண்டாராம். இருபது வயதிலேயே தலையில் மாவைக் கொட்டிக் கிழவன் வேஷம் கட்டினார்கள். பிறகு ராஜா, மந்திரி, பாதிரியார், பட்டம், மரியாதை எல்லாம். சினிமாவில் ஜட்ஜாக வந்து வந்து, தெருவில் போனால் டாக்ஸிக்காரர்கூட எழுந்து கும்பிடு போடுவாராம். "இப்ப மாவு செலவு கிடையாது" என்று நரைத்த தலையைத் தடவிக் காட்டினார்.

அங்கே நாடகம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் விடுவாளா? "நம்ம கூத்துல கட்டியங்காரன் வந்து போறதுக்கே அவ்ளோ நேரம் ஆவுமே, துரை காசு ஜாஸ்தி வாங்கிக்கினு ஆட்டத்தைக் கம்மி பண்றாரு" என்றாள். நான் இங்கிலீஷில் சொன்னதும் அவர் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் சிரிக்கிற நாள் குறைவு. லண்டனில் ஒரு புது நாடகம். இவருக்குப் படகோட்டி வேஷம். மகன் கடலில் மூழ்கிப் போய்விட்டான் என்று சேதி வரும். அப்பன் பேச வேண்டும். அந்த இடம் வந்தால் பேச்சு வரவில்லை என்று விட்டுவிட்டுத்தான் இங்கே மலையைப் பார்த்து உட்கார வந்திருக்கிறார். ஏன் வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை மாதம் ஒரு நாள் காலையில் அவருக்குத் தந்தி வந்தது. வருகிறாரா இல்லையா என்று நாடகக் கொட்டகைக்காரர்கள் கேட்டது. நான் கோயிலுக்குப் போய்விட்டேன். அவர் கிணற்றடியில், முருங்கை மரத்தின் கீழே, அந்தப் பேச்சைப் பேசிப் பார்த்திருக்கிறார். பாதியில் பேச்சு நின்று, ஓவென்று கத்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தந்தி வந்ததையும் பார்த்து, சுவருக்கு மேலே இதையும் பார்த்தால் ஜோதியம்மாள் என்ன நினைப்பாள்? தெருப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு துக்கத்துக்கு வந்துவிட்டாள்.

நான் அர்ச்சனைத் தட்டோடு திரும்பிவந்தால் கிணற்றடி முழுக்கப் பெண்கள். தலையை அவிழ்த்துப் போட்டு, தோளோடு தோள் பிடித்து, நடுவில் துரை! எனக்கு உயிரே போய்விட்டது. இது நாடகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜோதியம்மாள், "புள்ளையா பொண்ணா, பேர் இன்னா, கேட்டுச் சொல்லுக்கா, பேர் தெரியாம எப்படிப் பாடறது?" என்றாள். வேறு வழியில்லாமல் அவரிடம் கேட்டேன். நாடகத்துப் படகோட்டியின் மகன் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். பிறகு, "டேவிட். என் மகன்" என்றார்.

உண்மையிலேயே மகன், சந்திரகலா. மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போனவன். அன்று இவர் மேடையில் இருந்தார். இடைவேளையில் சேதி சொன்னார்கள். மீதி நாடகத்தை ஆடி முடித்தார். மறுநாளும் ஆடினார். எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று பேப்பரில் எழுதினார்களாம்.

ஜோதியம்மாள் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு, "கப்பலேறிப் போனாலும் கடுதாசி போட்டிருப்பே, காணாத தேசம் போனியே என் ராசா தேவிட்டு" என்று எடுத்தாள். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. பெயர் மட்டும் புரிந்தது. அந்த நெட்டை மனிதர் மடங்கி அழுததை என்னால் எழுத முடியவில்லை. அழுது முடித்ததும் முகம் கழுவ வைத்து, வேண்டாம் என்றவரை அதட்டிக் காபி குடிக்க வைத்தார்கள்.

சாயங்காலம் என்னிடம் ஒன்று சொன்னார். மகன் போனபோது அவர் ஊரில் எல்லோரும் வந்தார்களாம், கைகொடுத்தார்களாம், வருத்தம் சொன்னார்களாம். ஆனால் யாரும் உட்காரவில்லையாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வீட்டுக்கும் அப்படித்தானே வந்து போயிருப்பார்கள்? பெற்றவள் நான் வர முடியவில்லை. அப்பாவின் நெஞ்சுவலியை நீ அறிவாய். அதனால் துரை ஊருக்குக் கிளம்பும்போது, என் மகள் வீட்டில் போய்க் கொஞ்சம் உட்காருவீர்களா என்று கேட்டேன். என்ன பேசட்டும் என்றார். அதற்கும் ஜோதியம்மாள்தான் பதில் சொன்னாள்: "ஒன்னும் பேச வேணாம்னு சொல்லு. பேசறதெல்லாம் மேடையில பேசட்டும்."

பேசப் போகிறாராம். படகோட்டி வேஷத்தை ஒப்புக்கொண்டு தந்தி கொடுத்துவிட்டார். உனக்கும் மாப்பிள்ளைக்கும் சீட்டு தருவார். போனால் போ, போகாவிட்டால் குற்றமில்லை. அது வேறு.

அவர் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம் இருக்கும். நெற்றியில் இட்டுக்கொள். காபி கொடு, சர்க்கரை கம்மியாகப் போடு. முட்டி வலிக்காரர், நான் பாட்டுக்கு இவ்வளவு நீளம் எழுதிவிட்டேன், மாசி முடியாமல் அங்கே குளிர் விடாது என்பார்கள்.

இன்னும் ஒன்றுதான். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்கு யாரும் எழுதவில்லை. மாப்பிள்ளையும் குழந்தை என்றே எழுதுகிறார். அந்தப் பெயரை வாசலில் நிற்கிறவரிடம் சொல். உடனே எனக்கு எழுதி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இங்கே நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.

அண்ணாமலையார் உன்னைக் கைவிட மாட்டார். எழுந்திரு கண்ணு, கதவைத் திற.

உன் அம்மா,
உண்ணாமலை