ஏழாவது லெவலில் கடல்

இன்றைக்குக் காலையில் மறுபடியும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ரப்பர் ஷீட் அடித்துக் கழுவின கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். திரை கறுத்துக் கிடந்தது, பிறகு நீலமானது, பிறகு தகரத்தில் ஊசியால் கீறுகிற மாதிரி ‘கீ… கிக்கீ…’ என்றது. ஏணிக்கு இந்தப் பக்கம் பச்சை ஆள் நின்றான். அந்தப் பக்கம் சிவப்பு ஆள், உன் ஆள். நான் கீபோர்டில் எந்தக் கட்டையையும் தொடாததால் இருவரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு மூடிவிட்டேன்.

நீ ஓட வைக்கச் சொன்னது ஓடுகிறது. நீ போய் நான்கு மாதமாகிறது. இது எதற்கு இனி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று காரியங்கள் இருக்கின்றன. நேரில் என்றால் நான் சொல்லியிருக்கமாட்டேன். என்னை உனக்குத் தெரியும்.

உன் வீட்டு முன்னறையில், தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. உன் அப்பா டைப்பிங் சென்டரை மூடிவிட்டுக் கல்ஃபுக்குப் போனபோது மற்ற எல்லாவற்றையும் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்க்காரன் எடுத்துக்கொண்டான். இது ஒன்றைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதில் இருந்த விளையாட்டு ஒன்றே ஒன்று, நம் களி. இரண்டு பேர், ஏணிகள், ஒவ்வொரு லெவலின் முடிவிலும் ஒரு கதவு. கதவின் இரண்டு பக்கமும் இருக்கிற கற்களில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறி நின்றால்தான் அது திறக்கும். கீபோர்டின் இடப்பக்கம் எனக்கு, அம்புக்குறிகள் உனக்கு. மூன்று கட்டை ஒன்றாக அமுங்கிவிட்டால் பெட்டி ‘கீ’ என்று கத்திவிட்டு ஒன்றையும் கேட்காது. அதனால் ஒருத்தி அமுக்கும்போது மற்றவள் கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

“ஏட்டி சவமே, எனக்க தலையில சாடாத!” என்பாய்.

“நான் சாடல்ல. நீதான் வந்து அடியில நிக்க.”

“மூச்சு விடணும்னாலும் சொல்லிட்டு விடு. கட்டை அமுங்கிரும்.”

நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் ஷீட்டுகளைக் காயப் போட்டு முடித்திருப்பேன். சீருடையை மாற்றாமலே உட்கார்ந்துவிடுவாய். அம்மாவுக்கு முதுகு போனதால்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பாதிதான். இங்கிலீஷ் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்ன அன்று வகுப்பே சிரித்தது. அம்மாவின் முதுகு எனக்கு ஒரு காரணமாகக் கிடைத்தது. உனக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். களி தொடங்கும்போது திரையில் இங்கிலீஷில் பெரிதாக வருகிற அதன் பெயரை நீதான் எப்போதும் சத்தமாக வாசிப்பாய். ஒரு தடவைகூட என்னை வாசிக்கச் சொன்னதில்லை.

ஐப்பசி இடியில் ஒருநாள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. அதோடு அது போயிற்று. ஆறாவது லெவலின் கதவை நாம் அதுவரைக்கும் திறந்ததே இல்லை. கல்லில் ஏறுகிற நேரம் பார்த்து மேலே இருந்து ஒன்று உருண்டு வந்து யாராவது ஒருத்தியை விழத்தட்டிவிடும்.

அதற்கு அடுத்த மாதம்தான் உன் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது. காய்ச்சல் என்றார்கள். பிறகு திருவனந்தபுரம் என்றார்கள். போவதற்கு முந்தின நாள் உன் அப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பையும், அந்தக் களி இருந்த மூன்று ஃபிளாப்பிகளைப் போட்ட பிஸ்கட் டப்பாவையும் என் மடியில் வைத்தாய்.

“இதுல ஓட வச்சு வை. நான் வந்து ஆறாவத தாண்டணும்.”

“எனக்குத் தெரியாதுட்டி.”

“எனக்கு மட்டும் தெரியுமா? கம்ப்யூட்டர் கடையில கேளு. வாயத் திறந்து கேளு. கேட்டா வாய் தேயாது.”

நான் உடனே போகவில்லை. இன்றைக்கு மழை, நாளைக்குப் போகலாம், நாளைக்கு ரப்பர்பால் உறைய ஆசிட் வாங்க வேண்டும், மறுநாள் போகலாம் என்று பத்து நாள் தள்ளினேன். பத்து நாளும் மழை. டப்பாவைத் திறந்து பார்த்தபோது ஃபிளாப்பிகளின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. எங்கள் வீட்டில் மழைக்குக் கெட்டுப்போகிற எதுவும் போகிற இடம் ஒன்றுதான். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உணக்கிக் காயவைக்கிற புகைப்புரை. கொப்பரை அங்கே, நல்லமிளகு அங்கே. மழைக்காலத்தில் என் பள்ளிச் சீருடையைக்கூட அம்மா அங்கேதான் காயப்போடுவாள். ‘புகை வருது’ என்று என்னைக் கண்டால் மூக்கைப் பொத்தினவர்கள் உண்டு. அந்த ஃபிளாப்பிகளைத் துடைத்து, ஷீட்டுகளுக்கு நடுவில் மூங்கில் கழியின்மேல் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். பத்திரமான இடத்தில் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. அடியில் ரப்பர் விறகு இரண்டு நாள் எரிந்தது.

எடுத்தபோது மூன்றும் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. கறுப்புப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் பிசின் பிடித்திருந்தது.

அப்போதுதான் கடைக்குப் போனேன். குலசேகரம் சந்தைக்கு எதிரே மாடியில் இருக்கிறதே, அந்தக் கடை. படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை கடைக்காரரே எட்டிப் பார்த்து, “வா பிள்ளே, என்ன வேணும்?” என்றார். டப்பாவை நீட்டினேன். மோந்து பார்த்தார்.

“இது என்ன, கருவாடா?”

உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று பேர் சிரித்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பழைய சாமான்களைத் தோண்டி, ஃபிளாப்பி வாசிக்கிற ஒரு பெட்டியை எங்கிருந்தோ எடுத்து, மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ‘கர்ர், கர்ர்’ என்று உரசினது. “புகையிலயா போட்டிய? இது செத்தாச்சு மக்களே” என்றார். பிறகு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

“இதுல என்ன கிடந்து?”

“களி.”

“களிக்கு பேரு என்ன?”

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆயிரம் தடவை திரையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் எந்த நிறம் என்றுகூடத் தெரியும். ஆனால் நீ சொல்கிற மாதிரி என் வாயில் வருமா என்று தெரியவில்லை. உள்ளே அந்த மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தெரியாது” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

அன்று சாயங்காலம் நீ ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாய். “ஓடுதா?” என்பதுதான் உன் முதல் வார்த்தை. உன் குரல் அவ்வளவு மெலிந்திருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

“ஓடுது” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு நின்றிருக்கலாம். நீ விடவில்லை. “அப்போ எனக்க ஆளையும் நீயே களி. நான் சொல்லித் தாறேன்” என்றாய். தினமும் நாலு மணிக்கு உன் அம்மா போனை உன் காதில் வைப்பார்கள். நான் எங்கள் புகைப்புரைக்குப் பின்னால், மூடின லேப்டாப்கூட இல்லாமல், வெறும் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போ ரெண்டாவது ஏணி. இப்போ உன் ஆள் சாடிட்டான். இப்போ எனக்க ஆள் விழுந்தாச்சு. முதல் ஐந்து லெவலும் எனக்கு மனப்பாடம் என்பதால் கஷ்டமே இல்லை. ஒருநாள் நீ இடையில் நிறுத்தினாய்.

“ஏட்டி, சத்தம் கேக்கல்லியே.”

“அம்மா கிடக்கா. குறைச்சு வச்சிருக்கேன்.”

நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வார்டில் யாரோ இருமுவது கேட்டது. பிறகு, “செரி. இடத்த போ” என்று ஆளை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னாய்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எத்தனையோ தடவை திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் கள்ளம் பறைகிறேன் என்று உனக்கு அப்போதே தெரிந்ததா? தெரிந்தும்தான் ‘இடத்த போ’ என்றாயா? நம்பியிருந்தால் நான் உன்னை ஏமாற்றினேன். நம்பாதிருந்தால், அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு நீ என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாய். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

ஆறாவது கதவைத் திறந்துவிட்டோம் என்று சொன்ன அன்று நீ கத்தினாய். அவ்வளவு சத்தம் உனக்குள் இருந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“ஏழாவதுல என்ன உண்டு? பைய சொல்லு. எல்லாம் சொல்லு.”

எனக்கு முன்னால் ரப்பர் மரங்கள், வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. இதுபோல் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“கடல்” என்றேன். “ஏணியே இல்ல. முட்டத்துல பாத்தோம்லா, அதுபோல பாறை. ரெண்டு பேரும் அதுமேல நிக்காவ.”

“களிக்கதுக்கு ஒண்ணும் இல்லியா?”

“ஒண்ணும் இல்ல. சும்ம நிக்கலாம்.”

“கொள்ளாமே, நல்லா இருக்கே” என்றாய்.

அதற்கு ஐந்தாம் நாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவ நான் நின்றேன். உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். “மக்களே, அந்த ஏழாவதுல கடலாமே? வார்டுல எல்லாருட்டயும் சொன்னா. நர்ஸ்மாருட்டயும் சொன்னா. எனக்கு ஒரு தடவ அதக் காட்டுவியா?”

“காட்டுதேன் மாமி” என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதினேன். திரையில் பார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். கம்ப்யூட்டரில் அடித்தார். நான் நின்ற இடத்திலிருந்தே அந்த நீலத் திரையும் பச்சை ஆளும் சிவப்பு ஆளும் தெரிந்தார்கள்.

“நெட்டுல சும்மா கிடக்கு பாரு. அன்னைக்கே பேரச் சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டுத் தந்திருப்பேனே!”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் முதலில் கடைக்குப் போனதிலிருந்து நீ உயிரோடு இருந்த இருபத்தாறு நாளும் அது அங்கேதான் கிடந்திருக்கிறது. ஃபிளாப்பிகள் புகையில் போனதுகூட ஒன்றுமில்லை. ஒரு பெயரை வாய்திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

வீட்டில் போட்டபோது அது சரியாக ஓடவும் இல்லை. பழைய பெட்டியின் வேகத்தை நம்பிச் செய்த களியாம். புது மிஷினில் கட்டையைத் தொடுமுன் இரண்டு பேரும் ஏணியிலிருந்து தெறித்து விழுந்து செத்தார்கள். மறுபடி வந்து மறுபடி செத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரும்பக் கடைக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டர்போல நடிக்கிற புரோகிராம் ஒன்றுக்குள்தான் இது ஓடுகிறது, அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, எந்தக் கட்டையைத் தட்டுவது என்பதையும் காட்டித் தந்தார். ஒவ்வொரு தட்டாகத் தட்டி, அவர்கள் உன் வீட்டுப் பழைய பெட்டியில் நடந்த மாதிரி நடக்கும்வரை குறைத்தேன்.

இரண்டு கையாலும் நான் ஒருத்தியே களித்தேன். நாலு நாள் ஆயிற்று. ஆறாவது கதவு திறந்தது.

ஏழாவதில் கடல் இல்லை. முதல் லெவலில் இருந்த அதே ஏணிகள், அதே சுவர். நிறம் மட்டும் சாம்பல்.

நான் அதை மாமியிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது, “மாமி, அதுக்கு ரெண்டு பேரு வேணும், ஒத்தையில திறக்காது” என்று ஆரம்பித்தேன். உண்மைக்குப் பதிலாக வாயில் வந்தது அந்தப் பொய்தான். அதற்குள் அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“அவ எத அமுக்குவா?”

அம்புக்குறிகளைக் காட்டினேன். திரையில் சிவப்பு ஆளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

“இதா எனக்க பிள்ளைக்க ஆளு? இப்படி மெலிஞ்சு போயிருக்கானே. இவனுக்குச் சோறு கொடுக்க மாட்டாவளா?”

சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். நீ போனதற்குப் பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்று முதல் லெவலையே தாண்டவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வருகிறார்கள். ஒரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டுவருவார்கள். கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். சாடப் படித்துவிட்டார்கள். நான் அமுக்கும்போது விரலைத் தூக்கிக்கொள்ள நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த லேப்டாப்புக்கு அது தேவையும் இல்லை. நாம் களிப்பதைத் தையல் மிஷினில் இருந்து பார்த்துப் பழகியது போலிருக்கிறது. மூன்றாவது லெவலுக்கு வந்தார்கள், நான்காவதுக்கு வந்தார்கள். நான் ஏணியிலிருந்து விழத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில், வேண்டுமென்று விழுந்தது தெரியாதபடி.

“நீ நல்லா களிப்பேன்னுல்லா அவ சொன்னா?”

“மறந்து போச்சு மாமி.”

“செரி, சாரமில்ல. முதல்ல இருந்து போவோம்.”

போன ஞாயிறு நான் எவ்வளவு விழுந்தும் ஆறாவதுக்கு வந்துவிட்டோம். மேலே இருந்து உருண்டு வந்ததை அவர்கள் ஒதுங்கிவிட்டு, கதவின் அந்தப் பக்கத்துக் கல்லில் ஏறி நின்றார்கள். விரலைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, “நீ வா மக்களே. நான் நிக்கேன்” என்றார்கள்.

எனக்கு இரண்டே படிதான் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். பச்சை ஆள் விழுந்தான்.

அவர்கள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு, “அடுத்த ஞாயிறு திறந்திரும்” என்றார்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை.