எச்சரிக்கைக்கு மூன்று வரி

பிப்ரவரி 3, 2025
கம்பெனியின் புதிய சர்க்யூட் போர்டுக்கு நான் எழுதும் கையேட்டில் மிச்சம் ஒரே ஒரு பக்கம்தான். போர்டின் செயலி, அதாவது ப்ராசஸர், வைத்திருக்கும் ரகசியச் சாவி எண்களைப் புதிதாக மாற்றித் தரும்படி இயங்குதளத்திடம் நிரல் கேட்கும் அழைப்பு, ஒருவகைக் கட்டளை. அதை உருவாக்கிய அபிலாஷ் தந்திருக்கும் விளக்கம், 'சாவிகளை மாற்றும்' என்பது மட்டும். இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் அவன் கையில்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். கண் எரிகிறது.

பிப்ரவரி 5
மாதிரி நிரல் எழுதி, வீட்டிலிருக்கும் பழைய போர்டில் ஓட்டினேன். ஒரு குழப்பமும் இல்லை. பக்கத்தை அபிலாஷுக்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 6
குழப்பமே இல்லாததுதான் உறுத்தியது. மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது – பழைய போர்டில் அந்தச் சாவிகளே கிடையாதே! அழைப்பு 'முடியாது' என்று பதில் தந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பதிலைச் சரிபார் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் நான். என்னத்தைச் சொல்ல.

பிப்ரவரி 7
பாறசாலையில் பாசஞ்சர் பிடித்து, நெய்யாற்றின்கரை தாண்டியும் நின்றுகொண்டே போனேன். திருவனந்தபுரம் அலுவலகத்தில் புதிய போர்டில் ஓட்டினால், சாவி மாறியது, நிரல் செத்தது. ஒரு வேலைக்குள் போகும்போது, முடித்துத் திரும்ப வேண்டிய இடத்தைச் செயலி அந்தச் சாவியால் முத்திரையிட்டு வைக்கிறது. நடுவில் சாவியை மாற்றினால் பழைய முத்திரை செல்லாது, திரும்ப வழியில்லை. மாதிரியைத் தூக்கிவிட்டு இதையே மூன்று வரி எச்சரிக்கையாக எழுதி மறுபடி அனுப்பினேன்.

பிப்ரவரி 11
அபிலாஷ் கூப்பிட்டான். "சேச்சி, இதை வாசிச்சா போர்டு வாங்க வாறவன் பேடிச்சு ஓடிப் போவான். எச்சரிக்கை வேண்டாம்."
நிரல் செத்ததைச் சொன்னேன். அது விவரம் தெரிந்தவர்களுக்கான அழைப்பு என்றான். எச்சரிக்கையை எடுக்கமாட்டேன் என்றேன். ஒப்பந்தம் பற்றி அவன் பேசவில்லை. பேசாமலே புரிந்தது.
சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார், "மூணு வரிக்கு வேண்டியாக்குமா இந்தச் சண்டை?"
ஆமா, மூணு வரிக்குத்தான். எவனோ ஒருத்தன் காரணம் தெரியாம மண்டைய உடைச்சிட்டு இருப்பானே, அவனுக்கு வேண்டி. – இதைச் சொல்லத் தெம்பில்லை. சோறு பாதி மிச்சம்.

பிப்ரவரி 12
தலைவலி.

பிப்ரவரி 28
ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. லேப்டாப்பைக் கொரியரில் அனுப்பியாயிற்று.

மார்ச் 17
கையேடு வெளியாகியிருக்கிறது. பயந்துகொண்டேதான் திறந்தேன். மூன்று வரியும் இருக்கின்றன, பக்கத்தின் தலையிலேயே. கூடவே நான் எழுதாத நான்காவது வரி: 'என்ன செய்கிறோம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அழைக்க வேண்டாம்.' அபிலாஷின் நடை. எப்போது ஓட்டிப் பார்த்தானோ? ஒரு போன் இல்லை. நானும் கூப்பிடப் போவதில்லை.
அதுல உன் பேரு உண்டா என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். மனசு நொந்தது, டைரியில் பொய் சொல்வானேன். மத்தியானம் படுத்தவள் அசந்து தூங்கி, அவர் வந்து விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்தேன்.